சுவருக்கு அந்தப் பக்கம் போன ஒயர்

எங்கள் வீட்டு இன்டர்நெட் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் அறுந்துபோகும். மற்ற நாட்களில் ஒரு குறையும் சொல்ல முடியாது. என் கணவர் காலையில் செய்தி பார்ப்பார், மத்தியானம் பழைய பட்டாளத்து வீடியோ பார்ப்பார், ராத்திரி யாரோ எங்கோ தோசை சுடுவதைப் பார்ப்பார். எல்லாம் தங்குதடையில்லாமல் ஓடும். ஞாயிறு சாயங்காலம் அயர்லாந்திலிருந்து என் மகள் கம்ப்யூட்டரில் வந்து, "ம்மா, சாப்ட்டியா?" என்று கேட்பாள். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பேன். அவள் முகம் அப்படியே நின்றுவிடும், கண் பாதி மூடி, வாய் ஒரு பக்கம் கோணி. பெற்ற பிள்ளையை அந்தக் கோலத்தில் பார்க்க எந்தத் தாய்க்கும் பிடிக்காது.

மோடத்தில் வரிசையாகப் பச்சை விளக்குகள் உண்டு. அதில் லைன் விளக்கு மட்டும் கண்சிமிட்ட ஆரம்பிக்கும். மறுபடி நிலையாக எரிவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும். எரிந்ததும் மறுபடி கூப்பிடுவாள், மறுபடி நிற்பாள். கடைசியில், "சரிம்மா, அடுத்த வாரம் பேசுதேன்" என்று எழுதி அனுப்பிவிட்டுப் போய்விடுவாள். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. வாரத்தில் அந்த ஒரு பொழுதுதான் அவளுக்கு ஓய்வு. எனக்கு வாரம் முழுக்க ஓய்வுதான், அந்த ஒரு பொழுதுக்காகத்தான் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஃபைபர் எங்கள் தெருவுக்கு வராத வருடங்கள் அவை. தென்காசியில் பெரிய ரோட்டுக்கு வந்துவிட்டது, எங்கள் தெரு முக்கில் வந்து நின்றுகொண்டது. மொபைல் நெட் வாசலில் நின்றால் வரும், உள்ளே வந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டுச் சுவர் அவ்வளவு கனம். ஆகவே பழைய டெலிபோன் ஒயர்தான் கதி. பேச்சும் நெட்டும் அந்த ஒரே ஒயரில்தான் வரும். வீட்டுக்குள் வந்ததும் ஒரு தீப்பெட்டி அளவு வெள்ளை டப்பா அவற்றைப் பிரித்துவிடும். அதற்கு ஸ்ப்ளிட்டர் என்று பெயர். ஒரு துளையில் ஃபோன், ஒரு துளையில் மோடம். சம்பந்தி வீட்டாரைத் தனிப் பந்தியில் உட்கார வைக்கிற மாதிரி, ஒன்றோடு ஒன்று மோதாமல் அது பார்த்துக்கொள்ளும்.

புகார் கொடுத்தேன். லைன்மேன் வந்தார். சாரல் நேரம், தூணில் ஈரம் இறங்கியிருக்கும் என்றார். தூணிலிருந்து வாசல்வரை புது ஒயர் இழுத்தார். அந்த ஞாயிறும் முகம் நின்றது. மறுபடி வந்தார், சோதித்துப் பார்த்தார். "யக்கா, உங்க வாசல் வரைக்கும் லைன் சுத்தமா இருக்கு. கோளாறு வீட்டுக்குள்ளதான்" என்றார்.

வீட்டுக்குள் கோளாறு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்கு நன்றாக வந்தது. புகார் எண்ணைக் கூப்பிட்டுப் பொரிந்து தள்ளினேன். சென்னையிலிருந்து ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள்: "மேடம், உங்க வீட்ல எத்தனை ஃபோன் இருக்கு? ஸ்ப்ளிட்டர் இல்லாம ஒரு ஃபோன் லைன்ல இருந்தாக்கூட, அதை எடுக்கும்போது நெட் கட் ஆகும்." "ஒரே ஃபோன்தாம்மா" என்றேன். "பேரலல் கனெக்‌ஷன் ஏதாவது? அதே லைன்ல வேற ரூம்ல இன்னொரு ஃபோன்?" "கிடையவே கிடையாது" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அப்படி ஒன்று இருந்ததே எனக்கு ஞாபகத்தில் இல்லை.

அது எப்படி மறந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போது எங்கள் வீடு என்று நான் சொல்வது பாதி வீடுதான். மறு பாதி என் கணவரின் அண்ணனுடையது. முன்பு இரண்டும் ஒன்றாக இருந்தது, நடுவில் முற்றம். அண்ணன் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். நான் ஆய்க்குடியில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்தேன். காலையில் பஸ் பிடித்தால் சாயங்காலம்தான் திரும்புவேன். என் மகளைக் குளிப்பாட்டியது, சோறூட்டியது, அடித்தது, அடித்துவிட்டு அழுதது எல்லாம் அக்காதான். அவளுக்கு ஒரே பையன், அவனும் ஹாஸ்டலில். என் பிள்ளை ராத்திரி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கும். நான் தூக்கிக்கொண்டு போனால் முழித்து, "பெரியம்மாட்ட போணும்" என்று அழும். அந்த நேரம் எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சலாக வரும்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரு கிணற்றுக்காகப் பிரிந்தார்கள். கிணறு யார் பாகத்தில் விழ வேண்டும் என்று சண்டை. அந்தக் கிணற்றில் வாளி இறங்கி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இரண்டு பேரும் மோட்டார் தண்ணீரில்தான் குளித்தார்கள். ஆனாலும் பேச்சு முற்றி, அளவு நாடா வந்து, கொத்தனார் வந்து, முற்றத்தின் நடுவே ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுந்தது. அப்போதும் நாங்கள் பெண்கள் இரண்டு பேரும் கொல்லைப் பக்கம் நின்று பேசிக்கொண்டுதான் இருந்தோம். பேச்சு நின்றது என் மகள் கல்யாணத்தில். வளர்த்தவளுக்கு வெற்றிலை பாக்கோடு நேரில் போய் வைக்க வேண்டிய பத்திரிகையை என் கணவர் ஒரு பங்காளி கையில் கொடுத்தனுப்பினார். அக்கா வரவில்லை. மணவறையில் உட்கார்ந்து என் பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அக்கா மேல் அப்படி ஒரு ஆத்திரம். பத்திரிகைதானா பெரிது, வந்து ஒரு ஓரமாய் நின்றிருக்கக் கூடாதா? அதற்குப் பிறகு கொல்லைப் பக்கமும் நான் போகவில்லை, அவளும் வரவில்லை.

இவ்வளவும் நடந்த வீட்டில் ஒரு ஒயரை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

ஒரு ஞாயிறு. முகம் வழக்கம்போல நின்றது. "சவத்து நெட்டு!" என்று கத்திவிட்டு, அப்போதே புகார் சொல்லிவிடுவது என்று ஹாலில் இருந்த ஃபோனை எடுத்தேன். டயல் டோன் இல்லை. லைன் செத்துவிட்டது என்று நினைத்து வைக்கப் போனேன். அதற்குள் ஒரு குக்கர் விசில் கேட்டது. ஒரு காதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது, மறு காதில் ரிசீவருக்குள்ளிருந்து கேட்டது. விசில் அடங்கியதும் ஒரு மூச்சு கேட்டது. சாரல் பிடித்தால் அக்காவுக்கு மூச்சு இழுக்கும். அந்த மூச்சோடு ஒரே அடுப்படியில் பாதி ஆயுசு வேலை பார்த்தவள் நான். எனக்கு ஆள் தெரியாமல் போகுமா?

நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் ரிசீவரை வைக்கிற சத்தம் கேட்டது. டயல் டோன் வந்தது. மோடத்தில் விளக்கு சிமிட்டி, சிமிட்டி, நிலையாக எரிந்தது.

ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். வாசல் நிலைக்கு மேலே, ஒயர் முதன்முதலில் உள்ளே வந்து சேரும் டப்பாவிலிருந்து இரண்டு கிளை பிரிந்தது. ஒன்று எங்கள் ஸ்ப்ளிட்டருக்கு. இன்னொன்று பல தடவை சுண்ணாம்பும் பெயின்டும் வாங்கி, சுவரோடு சுவராக ஒட்டிப்போய், முற்றத்துக்கு ஓடி, மழைத்தண்ணீர்க் குழாயோடு சேர்ந்து ஏறி, புதுச் சுவரைத் தாண்டிப் போயிற்று. கொத்தனார் அதை வெட்டக்கூட மெனக்கெடவில்லை. ஒன்றாக இருந்த காலத்தில் அக்கா அறையில் இருந்த பேரலல் ஃபோன், அது இன்னும் அங்கேயே இருந்திருக்கிறது. தன் வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது என்று மணியை அவள் அமர்த்தி வைத்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் அது அடித்து நாங்கள் கேட்டதே இல்லை.

அவள் ஏன் எடுத்தாள் என்பதும் எனக்கு அந்த ஸ்டூலில் நிற்கும்போதே விளங்கிவிட்டது. என் கணவர் பட்டாளத்தில் இருந்தபோது வடக்கேயிருந்து ஃபோன் வரும். வீடு முழுக்க ஆட்கள், ரிசீவர் ஒன்று. அதனால் ஹாலில் ஒருவர் பேச, அக்கா அறையில் ஒருவர் பேரலலில் கேட்பார். கேட்டவர் மற்றவர்களுக்குச் சொல்வார். ஒட்டுக்கேட்பது என்று யாரும் நினைத்ததில்லை, அது அந்த வீட்டில் ஒரு உரிமை. எடுத்ததும் லேசாகச் செரும வேண்டும், நானும் இருக்கிறேன் என்பதற்கு அடையாளமாக. நான் புதுப் பெண்ணாக அவரோடு பேசியபோதெல்லாம் அக்கா செருமிவிட்டுக் கேட்டிருக்கிறாள். நான் வெட்கத்தில் வாய்க்குள்ளேயே பேசுவேன். பிறகு அடுப்படியில், "அவனுக்கு சளி பிடிச்சிருக்கு, கேட்டியாட்டி? நீ எங்க கேட்ட, சிரிக்கவே நேரம் சரியா இருந்துச்சு" என்பாள்.

கம்ப்யூட்டரும் டெலிபோன் ஒயரில்தான் ஓடுகிறது என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது உண்மைதான். அப்படியானால் பிள்ளை பேசுவதும் ரிசீவரில் கேட்க வேண்டும் என்று நினைத்துவிட்டாள். ஞாயிறு சாயங்காலம் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "தெரியுதா? நான் தெரியுதேனா?" என்று போடுகிற கூப்பாடு தெருவுக்கே கேட்கும். பிள்ளையின் குரல் சுவரைத் தாண்டாது, ஸ்பீக்கருக்கு அவ்வளவு தெம்பில்லை. என் கூப்பாடு கேட்டதும் அவள் போய் ரிசீவரை எடுத்திருக்கிறாள். அவள் எடுத்ததும் பிள்ளை நின்றிருக்கிறாள்.

அவளுக்கு என்னதான் கேட்டிருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. எங்கள் ஃபோனை ஸ்ப்ளிட்டரிலிருந்து பிடுங்கி நேராக லைனில் சொருகிக் காதில் வைத்தேன். டயல் டோன் ஓய்ந்ததும், சீசனில் தூரத்தில் நின்றால் குற்றாலத்து அருவிச் சத்தம் கேட்குமே, அப்படி ஓர் இரைச்சல். அவ்வளவுதான். வாராவாரம் அந்த இரைச்சலுக்குள் என் பிள்ளையின் குரலைத் தேடியிருக்கிறாள். நான் ஃபோனைக் காதில் வைத்தபடி நின்று அழுதேன். பிறகு எதற்கு அழுகிறோம், கல்யாணத்துக்கு வராதவள்தானே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

என் கணவரிடம் சொன்னதுதான் தப்பு. கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்துவிட்டார். "வெட்டி விட்டுருதேன். கிணறும் வேணும், ஃபோனும் வேணுமோ அவங்களுக்கு?" என்றார்.

"கிணறு நம்ம பக்கம்தான இருக்கு?" என்றேன்.

"அதுக்கு?"

"ஒயர்ல கைய வச்சீங்கன்னா கத்தரிக்கோல கிணத்துல போட்டுருவேன். அப்பமாவது அந்தக் கிணறு எதுக்காவது ஆவட்டும்."

அவர் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் ஒயரை வெட்டாவிட்டால் நெட் அறும். அந்தப் பக்க ஃபோனுக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர் மாட்டினால் அறாது, அதற்கு அந்த வீட்டு வாசலில் ஏற வேண்டும். ஏறுவதற்கு எனக்குக் கால் வரவில்லை. நன்றாக யோசித்து மகளுக்கு எழுதினேன்: இனிமேல் கம்ப்யூட்டர் வேண்டாம், லேண்ட்லைனில் கூப்பிடு. அவளுக்குக் கோபம். "மூஞ்சியப் பாக்காம என்னம்மா பேச்சு?" என்றாள். எனக்கு மட்டும் பார்க்க வேண்டாமா? அந்த நின்றுபோன கோணல் முகமாவது வாரத்துக்கு ஒருமுறை கிடைத்துக்கொண்டிருந்தது. அதையும் விட்டேன். இதை யாருக்காக விட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு ஃபோன் சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி அடித்தது. எடுத்தேன். "ம்மா" என்றாள், முற்றத்தில் நின்று கூப்பிட்ட மாதிரி அவ்வளவு தெளிவாக. கொஞ்ச நேரத்தில் அவள் குரல் ஒரு படி இறங்கிற்று. ஒரே லைனில் இரண்டாவது ரிசீவரை எடுத்தால் அப்படித்தான் சத்தம் பங்காகிவிடும். செருமல் இல்லை. சரி, வந்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

அதன்பிறகு அந்தப் பக்கம் கேட்பவளுக்கு என்ன தெரிய வேண்டுமோ அதையெல்லாம் கேட்டேன். முடி கொட்டுவது நின்றுவிட்டதா? ராத்திரி தனியாகப் படுக்கப் பயப்படுகிறாயா? மாப்பிள்ளை சமைப்பாரா? "என்னம்மா புதுசா இதெல்லாம் கேக்க?" என்று மகள் சிரித்தாள். அந்த ஊரில் எந்நேரமும் மழை என்றாள். "அங்கன சீசன்ல மட்டும் சாரல், இங்கன வருசம் பூரா சாரல்தாம்மா, ஆனா ஒரு அருவி கிடையாது, என்ன பிரயோசனம்?" என்றாள். ரிசீவருக்குள் ஒரு மூச்சு சட்டென்று விட்டு விட்டு வந்தது. அக்கா சிரிப்பை அடக்குகிறாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரே சிரிப்பை இரண்டு பேரும் தனித்தனியாக அடக்கிக்கொண்டிருந்தோம். ஃபோனை வைத்த பிறகு வீடு வெறிச்சென்று இருந்தது. சுவர்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

இப்படிப் பல மாதங்கள் போயின. மறுபடி சீசன் வந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் தென்காசிக்காரர்களுக்குச் சொந்தக்காரர்கள் பெருகிவிடுவார்கள். என் கணவரின் பட்டாள நண்பர் குடும்பத்தோடு வந்து இறங்கினார். ஐந்தருவிக்குக் கூட்டிப்போனோம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். பெண்கள் வரிசை நகரவே இல்லை. எனக்கு அருவியும் தெரியவில்லை, தண்ணீரும் தெரியவில்லை, சாயங்காலம் ஆகிறதே என்ற தவிப்புதான். நண்பரின் மனைவி சாவகாசமாக எண்ணெய் மசாஜ் எங்கே என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தண்ணீருக்குள் தள்ளிவிடலாமா என்றிருந்தது. கடைசியில் ஈரத் தலையோடு நான் மட்டும் ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன்.

கதவுப் பூட்டில் சாவியை விடும்போது உள்ளே ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. கதவைத் திறக்கும்போது நின்றுவிட்டது. ஓடிப்போய் எடுத்தேன்.

"...அழாத பெரியம்மா" என்று என் மகள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் எங்கட்டி அழுதேன்? அடிச்சிட்டே இருந்துச்சு. உங்கம்மா கதவப் பூட்டிட்டுப் போயிருக்கா. பிள்ளைக்கு என்னமோன்னு எடுத்துட்டேன்."

"நல்லவேளை எடுத்த. உன்ட்டதான் முதல்ல சொல்லுதேன். நான் முழுகாம இருக்கேன் பெரியம்மா. அம்மாட்ட இன்னும் சொல்லல. அவ ஊரெல்லாம் சொல்லிருவா. கொஞ்ச நாள் போட்டும்னு இருக்கேன்."

நான் செருமவில்லை. மூச்சைக்கூட விடவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சந்தோஷம்தான், பெரிய சந்தோஷம். அதோடு, பெற்றவளுக்கு இரண்டாவதாகத்தான் தெரிய வேண்டுமா என்று நெஞ்சு சுருக்கென்றது. அதையும் மறைக்க முடியாது.

அக்கா ஒரு தடவை மூச்சை இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "உன் குரல் இறங்கிட்டு. உங்கம்மா வந்துட்டா, லைன்லதான் இருக்கா. எனக்கு ஒண்ணும் கேக்கல, நீ எனக்கு ஒண்ணும் சொல்லவும் இல்ல. அவட்ட முதல்லருந்து சொல்லு, என்ன? பெத்தவ மனசு." அப்படியே வைத்துவிட்டாள். குரல் ஒரு படி ஏறிற்று. "ம்மா? இருக்கியாம்மா?" என்றாள் மகள். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். நானும் முதலில் கேட்கிற மாதிரியே கேட்டேன்.

மறு வாரம் முழுக்க எனக்கு அக்கா நினைப்புதான். எடுத்து வளர்த்தவள், சொன்ன செய்தியைக்கூட வைத்துக்கொள்ளாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். இந்த ஞாயிறு ஃபோன் அடித்தால் நான் எடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்தேன். அவள் எடுக்கட்டும். அவளே முதலில் பேசட்டும்.

அடித்தது. ஃபோன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் அவள் எடுக்கவில்லை. எங்கேயும் போகவில்லை, இருக்கிறாள், முற்றத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சிழுப்பு கேட்கிறது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நான் எடுக்கட்டும் என்று அவளும் உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். எழுந்து முற்றத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக் கத்தினேன்: "எக்கா! எடுங்களேன்! பிள்ள எவ்ளோ நேரம் கூப்பிடும்?"

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு அதே பழைய அதட்டல், சுவருக்கு மேலே வந்தது.

"நீ எடுட்டி! பெத்தவ நீயா நானா?"

"நீங்க எடுங்கக்கா."

"எடுக்கச் சொல்லுதேன்லா!"

இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்ததில் மணி நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை. கத்தி ஓய்ந்த பிறகுதான் அது தெரிந்தது. "போயிட்டே" என்றாள் அக்கா, மெதுவாக.

"திரும்ப அடிப்பா" என்றேன்.

அவள் உள்ளே போகவில்லை. நானும் போகவில்லை. மறுபடி அடிக்கட்டும் என்று சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றுகொண்டிருந்தோம்.